குறுக்கே கோடு போட்ட மைக்

செவ்வாய் இரவு எட்டரை.
பெருந்துறையிலிருந்து மேடம் இணைப்பைத் திறந்துவிட்டுத்
தன் கேமராவை அணைத்துக்கொள்வார்.
பேசமாட்டார். எண்ணுவார்.

கோபியிலிருந்து பொன்மொழி, பின்னால் கொசுவலை.
தாராபுரத்து ஜெசிந்தா
சீருடை மாற்றாமல் ஆம்புலன்ஸ் ஷெட்டில்.
காங்கேயம் தெய்வசிகாமணிக்கு
வாய் அசைந்து இரண்டு நொடி கழித்துக் குரல் வரும்.
பள்ளிபாளையம் சௌடேஸ்வரி, ஒரு கறுப்புச் சதுரம்.
அப்புறம் நான், தலைவி.

டயாலிசிஸ் நோயாளிகளின் வீட்டாரை
ஒரு குழுவாகக் கூட்டிப் பேசவைக்க வேண்டும்.
அதற்கு முன்னால்
நாங்கள் ஐவரும் குழுவாக வேண்டுமாம்.

நான்காம் வாரம் மேடத்திடமிருந்து ஒரு தாள்.
கருத்தில்லை, கணக்குதான்.
நான் இருபத்தாறு நிமிடம்.
மூவர் சேர்ந்து பதினேழு.
சௌடேஸ்வரி பூஜ்யம்.
அடியில் பென்சிலில்:
'வார்டில் ஒருவர் நாலு நாள் பேசாவிட்டால்
என்ன எழுதுவாய்?'

கோபம்தான் வந்தது.
பேசாதவள் அவள், திட்டு எனக்கா?

அடுத்த செவ்வாய்
அவள் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.
கேட்டுவிட்டு, நாடி பார்ப்பதுபோல்
கடிகார முள்ளைப் பார்த்திருந்தேன்.
பதினொரு நொடி.
பன்னிரண்டாவதில் நானே பேசியிருப்பேன்.

மைக்கின் கோடு மறைந்தது.
முதலில் வந்தது அவள் குரலில்லை.
எட்டு விசைத்தறி, ஒரே ஓட்டுக்கூரைக்குள்.
ஜெசிந்தா காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள்.

"இதுக்குத்தானுங் அமத்தி வெச்சிருந்தேன்!
அப்பாவைத் தறிய நிறுத்தச் சொல்ல முடியாதுங்.
எழுதிப் போட்டனுங்க்கா,
நீங்க பேசிட்டே போயிட்டீங்!"

விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன்.
இருந்தன. இரண்டாம் வாரத்திலிருந்தே, மூன்று வரி.
'எத்தனை டம்ளர் தண்ணின்னே சொல்லிட்டிருக்கோம்.
வீட்டுக்காரங்க ராத்திரி தூங்கறாங்களான்னு
யாரும் கேக்கலீங்.'

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று
நாங்கள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
தெய்வசிகாமணி மட்டும் 'அட ஆமா' என்றான்,
இரண்டு நொடி தாமதமாக.

இப்போதெல்லாம் அவள் எழுத,
பொன்மொழி உரக்கப் படிக்கிறாள்.
ஒரு 'ங்' விட்டுப்போனால்
திருத்தம் வந்து விழுகிறது உடனே.
திட்டத்தின் முதல் கேள்வி
தூக்கத்தைப் பற்றியது.

இந்த வாரத் தாளும் வந்துவிட்டது.
எனக்குப் பத்தொன்பது நிமிடம்.
இன்னும் அதிகம்தான்.