அழித்ததில் பெரியது

பெர்கனில், மீன் ஏற்றுமதி அலுவலகம்.
ஒரே ஒரு வேலை.

காலையில் குன்வோர் வந்தாள்.
சான்றிதழ் என்று ஒரு தாளும் இல்லை,
சொட்டும் குடை மட்டும்.
"இதுவரை அழித்ததில் பெரியது எது?" என்றேன்.
யோசிக்கவில்லை:
"ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கி டேபிள்.
விடிகாலை மூன்று பத்துக்கு.
மீட்கும்போது நாலே முக்கால்.
இன்றும் என்டர் பக்கம் போனால்
விரல் கொஞ்சம் நிற்கும்."

அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மதியம் சிந்த்ரே.
ஏழு சான்றிதழ்களைச் சீட்டுக்கட்டாய் விரித்தான்.
அதே கேள்விக்கு, "எதையும் அழித்ததில்லையே" என்றான்,
பெருமையாக.
கைகுலுக்கி எழுந்தவன்
கதவருகே திரும்பினான்:
"உங்கள் பேக்கப்பைக்
கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?"

பாடப்புத்தகக் கேள்விதான்.
பதினோரு வருடமாக
எனக்கு நானே கேட்டுக்கொள்ளாதது.

பேனாவை மூடி வைத்தேன்.