பன்னிரண்டு மூலைக் காசு

வெள்ளிக்கிழமை வரைதான் என்றார் ஃப்ரோஸ்.
சனியன்று புல்டோசர் வருகிறது,
அடுத்த வசந்தத்தில் இது கனோலா வயல்.

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்தால்
இருட்டுமுன் ஒன்றரை மணி நேரம் எனக்கு.
சஸ்காச்சுவானில் அக்டோபர் காற்று
காதுக்கருவியையும் தாண்டிப் பேசும்.

வீடு இல்லை. வீட்டின் பள்ளம் இருக்கிறது.
பலகை போட்டு மூடிய கிணறு.
யாரும் கேட்காமலே ஜூன் தோறும் பூத்துவிட்டு
இப்போது இலையுதிர்ந்து நிற்கும் ஒரு லைலாக் புதர்.

இரும்புக்கு உறுமும் என் கருவி,
செம்புக்குக் கொஞ்சம் இளகும்,
வெள்ளியென்றால் கூவும். இந்த வாரம் கூவவில்லை.
அடுப்பின் ஒற்றைக் கால்,
மண்ணே ஊதி முடித்த மௌத் ஆர்கன் தகடு,
ஜாடி மூடி, ஜாடி மூடி, மறுபடி ஜாடி மூடி.
"இன்றைக்கு எத்தனை மூடி?" என்பான் வெர்ன்,
சூப்பிலிருந்து தலை தூக்காமல்.

காசு எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்:
உடம்பு குனியும் இடத்தில்.
துணிக்கொடியின் கீழ், பம்படியில்,
கழிப்பறைக்குப் போகும் தடத்தில்.
மூன்று செப்புச் சல்லிகள் அப்படித்தான் கிடைத்தன.

பேரேட்டில் இவர்களுக்கு ஒரே வரி:
ஹால்வர் ஸ்டென்ருட், மனைவி, பிள்ளைகள் நால்வர்.
வரி பாக்கி. 1934இல் வெளியேறினர்.

வியாழன் மாலை, லைலாக் அடியில்,
ஆணியும் அல்லாத மூடியும் அல்லாத ஒரு குரல்.
ஒரு சாண் ஆழம்.
துடைக்கக் கூடாது, தெரியும். துடைத்தேன்.
பித்தளை நிறம், பன்னிரண்டு மூலை, ஒரு தீப்பந்தம்,
விளிம்பில் புள்ளியும் கோடுமாய்ப் போர்க்காலத் தந்தி.
1943.

வேட்டைக்காரன் தவறவிட்டது என்றுதான் நினைத்தேன்.
ஆனால் அது மேலாகக் கிடந்திருக்கும்,
புல்வேரில் சிக்கியிருக்கும்.
இங்கே கருமண்ணும் களிமண்ணும் புரண்டு கிடந்தன.
மண்வெட்டி ஒருமுறை இறங்கிய மண்
பழைய வரிசைக்குத் திரும்புவதில்லை.
புதரின் தெற்கே தூர்ந்தும் தூராத ஒரு குழி,
வாளியளவு.

ஆக, வந்திருக்கிறார்கள்.
ரேஷன் பெட்ரோலில், ஒன்பது வருடம் கழித்து.
நிலத்தைக் கேட்க அல்ல.
ஒரு கன்றைப் பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்ற.
குனிந்தபோது அவன் சட்டைப்பையிலிருந்து,
இல்லை, அவள் கோட்டிலிருந்து,
இல்லை, வளர்ந்துவிட்ட ஒரு பிள்ளையின்...
கருவி அதைச் சொல்லாது.

செல்லாக்காசு, என்றான் வெர்ன்,
வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு.

வெள்ளி காலை, முதல் பிள்ளையை ஏற்றுமுன்,
கருவியைக் காரிலேயே விட்டுவிட்டு
மண்வெட்டியோடு போனேன்.
பேருந்தின் பின்னிருக்கையில் ஈரச் சாக்கு.
மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள் ஃப்ரோஸ் வீட்டு இரட்டையர்:
"என்ன அது, செத்ததா?"

குனிந்து நிமிர்ந்தபோது
என் பையிலிருந்து என்ன விழுந்தது என்று
எண்ணிப் பார்க்கவில்லை.