ட் அறை

மொகல் தெருவில் எங்கள் அச்சகம்.
மாடியில் ஆசிரியர், கீழே மிஷின்,
படிக்கட்டுக்கு அடியில் நானும் ஈயமும்.

மாசிலாமணி பகல் பதினொன்றுக்கு
பெரிய ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நிற்பார்.
ஒன்றரைக்கு இங்கே வருவார்,
அவருக்கு முன்னால் பினாயில் வாசம் வரும்.
துண்டுக் காகிதம், பென்சில் எழுத்து:
லாஞ்சா இழுப்பவன் ஒருவன், குடலில் விஷமில்லை.
பெயர் தெரியாத பெண், நுரையீரலில் ஆற்றுநீர்.
"சவச் சோதனை நடந்தது" என்று கோப்பேன்.
ஆறு வரிக்கு மேல் எந்தப் பிணத்துக்கும் இடமில்லை,
கப்பல் விளம்பரம் தள்ளிவிடும்.

ஒருநாள் ஆசிரியர் மேலிருந்து கத்தினார்:
காலையில் சவம் சவம் என்று எவன் படிப்பான்,
காப்பி இறங்க வேண்டாமா?
இங்கிலீஷில் போடு. சுத்தமாக இருக்கும்.

போஸ்ட்மார்ட்டம்.
ரங்கூனுக்கு அது புதுச் சொல்.
எனக்கு அது மூன்று ட,
புள்ளி வைத்தது இரண்டு, மொட்டை ஒன்று.
எங்கள் கேஸில் ட் இருந்ததே நாற்பதுக்குள்,
பாதி முகம் தேய்ந்தது.
சாயங்காலத்துக்குள் அறை காலி.
"செத்துவிட்டான்" என்று எழுதியிருந்தால்
"இறந்தான்" என்று கோத்துக்கொள்வேன்.
"வெட்டுப்பட்டு", "காயமுற்று" ஆகும்.
பத்திரிகையின் நடை உயர்ந்துவிட்டதாக
மாந்தலேயிலிருந்து ஒரு வாசகர் பாராட்டி எழுதினார்.

சொல் பின்வாசலிலேயே நிற்கவில்லை.
முதலில் கால்பந்துக்குப் போனது.
நம் பையன்கள் துறைமுகப் போலீஸிடம் ஐந்துக்குச் சுழி;
மாசிலாமணி கோல்கீப்பரை மல்லாக்கக் கிடத்தி
விலா விலாவாகப் பிரித்திருந்தார்.
தெருவே சிரித்தது.
பிறகு நெல் மார்க்கெட் போஸ்ட்மார்ட்டம்.
வட்டி, செட்டி, நட்டம், பட்டினி,
அந்தக் கட்டுரைக்குப் பசியெல்லாம் ட்தான்.
பக்கத்து அச்சகத்தில் பதினைந்து கைமாற்று வாங்கினேன்,
திருப்பிக் கொடுத்தது பதிமூன்று.
பிறகு பட்ஜெட், ஒரு நாடகம், சரிந்துபோன கல்யாணப் பந்தல்.
டீக்கடையில் காய்ந்த பராட்டாவைப் பிய்த்த பையன்
"போஸ்ட்மார்ட்டம் பண்ணுறேன்" என்றான்.
பொய் சொல்வானேன், பெருமையாக இருந்தது.

ஆவணியில்,
லூயிஸ் தெரு ஜெட்டியில் கப்பி அறுந்து
என் மச்சான் குழந்தைவேலு.

அதே பின்வாசல்.
அப்பலசாமி வெளியே வந்தார், கை ஈரம்.
"போஸ்ட்மார்ட்டம் ஆயிடுச்சு, எடுத்துக்கிட்டுப் போங்க."
ஒரு நொடி, சத்தியமாக,
எனக்குக் கால்பந்துதான் ஞாபகம் வந்தது.
ஐந்துக்குச் சுழி.
பிறகு அவர் துணியை விலக்கினார்.

கழுத்துக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை
ஒரே தையல்.
சணல். மூட்டை வாய் தைக்கிற அதே சணல்,
நாலு வருஷம் அவன் முதுகில் ஏறிய மூட்டை.
எட்டு வருஷம் கோத்திருக்கிறேன்,
தைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று
மாசிலாமணி தாளை நீட்டினார்.
நகரசபைத் தோல்வி: ஒரு போஸ்ட்மார்ட்டம்.
ட் இல்லை என்றேன்.

அறை நிறைந்திருந்தது.
அவர் குனிந்து பார்த்தார்.
ஒன்றைக் கிள்ளியெடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்:
பாதி திறந்த பெட்டி, மேலே ஓர் ஈ.
எடுத்த இடத்திலேயே வைத்தார்.
"அலசல்னு போட்டுக்கோ" என்று
சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அடுத்த வாரம் மழையில் ஓர் ஆட்டம் தோற்றோம்.
தாள் வந்தது.
கோத்தேன்.