பதினோரு நிமிடம்

போன நவம்பரில் அப்படியே கொட்டிப் பார்த்தோம்.
மூழ்கவில்லை.
தெப்பம்போல் மிதந்தது கோதுமை வைக்கோல்,
மேலே ஓடு கட்டி, கலக்கியின் கையை ஒடித்து.
அடியில் பசித்துக் கிடந்த கோடி வாய்களுக்கு
ஒரு துணுக்கும் இறங்கவில்லை.

யூட்லாந்துக் காற்றில் நிமிர்ந்து நிற்கப் பழகியதைச்
செத்த பிறகும் மறக்காத தண்டு.
லிக்னின் என்பார்கள்.
நான் பிடிவாதம் என்பேன்.

அதற்குத்தான் இந்த இரும்புக் கலம்.
நூற்றெண்பத்தெட்டு டிகிரி நீராவி, பன்னிரண்டு பார்,
பதினோரு நிமிடம்.
பிறகு ஒரே நொடியில் வால்வைத் திறக்க வேண்டும்.

முதல் நாள்
லிம்ஃபியோர்டின் வாத்துகள் மொத்தமாய் எழும்பின.
எதிர்க்கரையிலிருந்து வில்லாஸ் போன் செய்தான்:
"யார் சுட்டது?"
யாரும் சுடவில்லை, வில்லாஸ்.
தண்டுக்குள் புகுந்த தண்ணீர்
வாசலைத் தேடாமல் சுவரை இடித்துக்கொண்டு வந்தது.

வெளியே விழுந்தது பழுப்புக் கூழ்.
ரொட்டி அடிப்பிடித்த வாசனை.
விரலில் தேய்த்தால் நூல் நூலாய்ப் பிரிந்தது.
திரையில் மீத்தேன் கோடு படியேறியது.

அப்போதுதான் தோர்கிலுக்கு ஆசை வந்தது.
"இன்னும் இருபது டிகிரி ஏற்றினால்?"
நான் தடுக்கவில்லை. சொல்லியாக வேண்டும்,
பதிவேட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கூழ் கறுத்தது.
வாசனைக்குள் ஒரு வாதுமைக் கசப்பு.
சர்க்கரையே வெந்து நஞ்சாகி
மூன்றாம் நாள் தொட்டி பேச்சை நிறுத்தியது.
ஆறப் பொறுக்காதவர்கள் உண்டு;
நாங்கள் ஆக்கியே கெடுத்தவர்கள்.

பத்தியம் தொடங்கினோம்.
வில்லாஸின் மாடுகள் தந்த சாணக் கரைசல்
வெதுவெதுப்பாய், காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம்.
வைக்கோல் ஒரு கைப்பிடி கூடாது.
ஊர் வெந்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் சிக்னே
தினமும் ஒரே கேள்வியோடு வந்தாள்.
தினமும் காபி கொடுத்து அனுப்பினோம்.
தோர்கில் வீட்டுக்கே போகவில்லை,
கலத்துக்குப் பக்கத்தில், நாற்காலியில், காலணியோடு தூங்கினான்.

ஒன்பதாம் இரவு
கண்ணாடித் துளையில் டார்ச் அடித்தேன்.
கரும்பரப்பில் ஒரு கொப்புளம்.
வெடித்தது.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, ஓரமாய், இன்னொன்று.

அவனை எழுப்பவில்லை.
வெளியே பனியில் அடுக்கிய வைக்கோல் கட்டுகளுக்கு
எந்த அவசரமும் இல்லை.
அழுத்தமானியின் கண்ணாடியில், பன்னிரண்டு பாரில்,
சிவப்பு மையால் கோடு போட்டேன்.
கோட்டுக்கு மேலே
அவன் கையெழுத்தில் முன்பே இருந்தது:
'முயன்று பார்.'
துணியால் தேய்த்தேன்.
'முயன்று' போய்விட்டது.