கருவாடு

பக்கி வண்டியின் பின்னால்
கித்தான் போர்த்திக் கொண்டுவந்தாள் லோஷினி.
"ஆறே வாரம் அக்கா, அதற்குள் வீடு பார்த்துவிடுவேன்."
ஷால்கிராஸில் ஒரு கொல்லையில்
துருப்பிடித்த காரோடு கட்டிக் கிடந்ததாம்.
கார் எந்த வருஷத்தது என்று சொன்னாள்.
நாய்க்கு என்ன வயது என்று அவளுக்கும் தெரியவில்லை.

சங்கிலி இருந்த இடத்தில் முடி இல்லை.
விரல் பதியும் பள்ளம்.
மூன்று முறை குளிப்பாட்டியும் வாடை போகவில்லை.
மகன் கிரீசன் மூக்கைப் பொத்திக்கொண்டு
"கருவாடு" என்றான்.
எப்போதாவதுதான் அவன் வாயில் தமிழ் வரும்.
படிவத்தில் அதையே பெயராக எழுதிக் கொடுத்தேன்.

உண்ணிக் காய்ச்சல்.
ஈறு வெளுத்து, மூத்திரம் கறுத்து.
ஆர்.கே.கான் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க
மனிதர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு
விடிந்ததும் இதற்கு ஒன்றை
கோழி ஈரலுக்குள் ஒளித்து, மீலிக் கூழில் பிசைந்து வைப்பேன்.
நான் பார்த்துக்கொண்டிருந்தால் தின்னாது.
முதுகைத் திருப்பி நின்று
துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவேன்.
பின்னால், வெகுநேரம் கழித்து,
தட்டு தரையில் நகரும் சத்தம்.
மாத்திரை மட்டும் சுத்தமாக நக்கி
ஓரமாக வைக்கப்பட்டிருக்கும்.

ஒரு காலை பக்கத்து வீட்டுப் பூபாலன்
கூரைமேல் வந்த குரங்குகளைப் பார்த்து
"ஃபுட்செக்!" என்று கத்தினான்.
கருவாடு பல்லிபோலத் தரையோடு ஒட்டிக்கொண்டது.
ஈரம் ஓடி என் செருப்புவரை வந்தது.
அதற்குத் தெரிந்த ஒரே சொல் அது போலும்.

துடைத்துக்கொண்டே யோசித்தேன்.
ஆங்கிலத்தில் இதை அடித்திருப்பார்கள்.
ஆஃப்ரிகான்ஸில் நிச்சயம்.
தமிழில் யாரும் அடித்திருக்க மாட்டார்கள்,
தமிழ் பேச இந்தத் தெருவில் ஆள் எங்கே?
நான் தமிழில் கேட்டால்
கிரீசனே ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான்.

வா என்றேன்.
வரவில்லை.
இரு என்றேன். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே.
தின்னு, போதும், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.
பிறகு, கேட்க ஆள் கிடைத்தது என்று
மின்கட்டணம், மேலதிகாரி, இடது முழங்கால் என்று
வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.
ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.
மற்றது கேட்டைப் பார்த்தபடியே இருந்தது.

தீபாவளி இரவு.
சாட்ஸ்வர்த் முழுக்க வெடித்தது.
குளியல் தொட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது.
புதுப் புடவையோடு நானும் உள்ளே இறங்கினேன்.
"அம்மா, உனக்குப் பைத்தியம்" என்றான் கிரீசன்,
என்றவனே தலையணை கொண்டுவந்தான்.
பன்னிரண்டு மணிவாக்கில்
என் கணுக்கால்மேல் அதன் தாடை இறங்கியது.
கால் மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை.

ஆறு வாரம் பதினெட்டாயிற்று.
ஜன்னலில் வைத்த வாழைப்பழத்துக்கு
குட்டியை இடுக்கிக்கொண்டு ஒரு குரங்கு கை நீட்டியது.
அப்போது வீட்டுக்குள் ஒரு சத்தம்.
யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டார்கள் என்று ஓடினேன்.
நடுக்கூடத்தில் கருவாடு
தன் குரலைக் கேட்டுத் தானே மிரண்டு நின்றது.
இன்னொரு தடவை குரைத்துப் பார்த்தது.
அதற்குப் பிறகு ஓயவில்லை.
மூன்றாம் நாள் பூபாலன் புகார் சொல்ல வந்தான்.
அவனுக்கு லட்டு கொடுத்தனுப்பினேன்.

பைன்டவுனிலிருந்து ஸாந்தீலே வந்தாள்,
ஓய்வு பெற்ற தன் அப்பாவுக்கு ஒரு துணை வேண்டுமென்று.
நான்கு சொற்களை
அவள் வாசிக்கிற எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
கருவாடு முன் இருக்கையில் தாவி ஏறியது.
திரும்பிப் பார்க்கவில்லை.
இதைத்தானே பதினெட்டு வாரமாகச் சொல்லிக் கொடுத்தேன்,
ஆனாலும் ஒரு தரம் பார்த்திருக்கலாம், நாயே.

மறுநாள் ஜன்னலில் வாழைப்பழம் இல்லை.
குரங்குகளுக்கு யார் சொன்னார்களோ.

ஞாயிறன்று ஸாந்தீலே போன் செய்தாள்.
நன்றாகத் தின்கிறதாம்.
அப்பா "இலு" என்றால் உட்காருகிறதாம்.
"சரியாகத்தானே சொல்கிறார்?"
திருத்த வாயெடுத்தேன்.
அந்தப் பக்கம் கிழவரின் குரல்: இலு, இலு.
நகம் தரையில் உரசும் சத்தம். பிறகு அமைதி.
"சரிதான்" என்றேன்.