காலி இடம்

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே காய்ந்த பல்லி ஒன்று,
எட்டு வருசத் தூசி,
நாலு ஹார்ட் டிஸ்க்.

மூன்றில் என் கையெழுத்தில் ஒட்டுத்தாள்:
டி. கல்யாணம், முதல் நன்மை.
இ. கல்யாணம், பால்காய்ச்சு.
எஃப். அடக்கம், மற்றவை.
ஜியின் எழுத்து வியர்த்து அழிந்திருந்தது.

டியில் நாற்பது ஜிபி மிச்சம். இயில் பதினெட்டு.
ஒரே பெண்ணுக்குத் தாலிகட்டு ஒன்றில்,
பந்தி இன்னொன்றில்,
மறுவீடு எங்கே என்று
கருங்கல் ஸ்டுடியோவைக் காலிசெய்து
வீட்டுக்கு வந்த பிறகும் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாவற்றையும் சேர்த்து
ஒரே டியாக ஆக்கிவிடலாம் என்றேன்.
விஜிலா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.
"ஒண்ணாக் கெட்டினா ஒண்ணாத்தான் முங்கும், பாத்துக்கிடும்.
நாலு சீட்டுல பிரிச்சுப் போட்டதுனாலதான்
பெனடிக்ட் ஓடினப்ப நமக்கு மூணாவது மிஞ்சிச்சு."

சரிதான்.
சேர்த்த பிறகு ஒன்று நின்றால்
மொத்தமும் நிற்கும்.
ஆனாலும் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது.

சேர்க்குமுன் எல்லாம் காலியாக வேண்டும்.
காலிசெய்ய இன்னொரு இடம் வேண்டும்.
அந்த இடம் இல்லாமல்தானே
சேர்க்க வந்தேன்.
ஃப்ளெக்ஸ் கடை ஷிபு நாலு டெராபைட் கடன் தந்தான்:
"ஞாயிறு பூசைக்கு முன்ன வந்திரணும், கேட்டியா."

டி போனது. இ போனது.
எஃப் பாதியில் இடி வெட்டி, கறண்டு போய்,
யுபிஎஸ் பதினோரு நிமிசம் கத்தியது.
திரும்ப முதலிலிருந்து. மீதி நேரம்
ஆறு மணிக்கூர் என்றது,
பிறகு ஒன்பது என்றது.

ஜியைத் தொட்டதும்
டிக். டிக். டிக்.
பல்லி செத்துக் கிடக்க
சகுனத்தை இது சொல்லியது.

ஜியில் ஒரே ஒரு கல்யாணம்தான் வேறெங்கும் இல்லாதது.
வள்ளவிளை, ததேயுஸ், லிசெட்.
அடுத்த வருசம் ஓகி.
ததேயுசின் போட்டை
அதற்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

போன மாசம் லிசெட் வந்தாள்.
சிடி அவளிடம் இருக்கிறது, ஆல்பமும்.
"கோயில் நடையில அவருக்குச் செருப்பு வாரறுந்து,
நொண்டிக்கிட்டே சிரிச்சாரே,
அது சிடியில இல்ல அண்ணா."

இருக்காது.
வெட்டியது நான்தான்.
நல்லா இல்லை என்று
ஏழு நொடியை எடுத்துவிட்டு
அதன்மேல் ரோஜா இதழ் விழவைத்தேன்.

நாற்பத்து மூன்று கிளிப்பில்
முப்பதாவதுவரை வந்தது.
முப்பத்தொன்றில் பச்சைக் கோடு நின்றது.
ராத்திரி ரெண்டு மணி. நான் எழவில்லை.
இரும்பு ஊசி
அதே ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப
தட்டிக்கொண்டிருந்தது.

மூன்றை மட்டும் சேர்த்தேன்.
'இதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?'
ஆம்.
இ என்ற எழுத்து மறைந்தது, எஃப் மறைந்தது.
அட்டைப்பெட்டிகளின் கணக்கில் மூன்றரை டெராபைட்,
திரையில் மூன்று புள்ளி ஒன்று எட்டு.
சண்டை போட ஆளில்லை.
பெரிய, வெள்ளையான, ஒற்றை டி.

காலையில் மேசையில் ஜியைக் காணவில்லை.
விஜிலா ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள்:
ரெண்டு பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி,
மிச்ச நெத்திலிக்குப் பக்கத்தில்.
"ஆரு சொன்னா?"
"ஷிபுதான். சிலது குளுந்தா கொஞ்ச நேரம் ஓடுமாம்."
அவளுக்கே நம்பிக்கையில்லை,
தோளைக் குலுக்கிவிட்டுத் தோசை சுடப் போனாள்.

கேபிளைச் சொருகினேன்.
டிக்.
பிறகு சத்தமில்லை. சுழன்றது.
தகட்டில் பனி வேர்த்து
விரலில் மீன் வாடை.
முப்பத்தொன்றைப் பிடித்து இழுத்தேன்.

எங்கே சேமிக்க என்று கேட்டது.
டி என்றேன்.
வேறு எழுத்து இல்லை.
பதினான்கு சதவீதம்.
பதினைந்து.