அட்வான்ஸ் பதினைந்தாயிரம்

ஏன் இத்தனை வருஷம் அங்கேயே இருந்தாய் என்கிறார்கள்.
பெருமாநல்லூரில் லைன் வீட்டுக்கு
அட்வான்ஸ் பதினைந்தாயிரம்,
வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, கரண்டு தனி.
அதனால் இருந்தேன்.

பேட்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட்.
பனியன் கழுத்தில் நேராய் ஓடும் தையல்
தோள் வீங்கிய நாளில் கோணும்.
"என்னாச்சு துளசிமணி" என்பார் சூப்பர்வைசர்.
"கட்டில்ல இடிச்சுக்கிட்டனுங்க."
எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது.

சனிக்கிழமை சம்பளம் ஏறும்.
கணக்கு என் பேரில்,
நம்பர் அவனுடையது.
முதலில் அவன் போன் அடிக்கும்.
பிறகு அவன்.

காங்கயத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.
"தம்பி கல்யாணம் முடியட்டும் சாமி,
அதுவரைக்கும் பொறுத்துக்கோணும்."
கல்யாணம் முடிந்தது.
அந்த வீட்டில் நான் படுக்கிற இடமும்.

செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டும் மயிலாத்தாள்
பொறு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.
"உன்ர பேங்க் புக்கு எங்க?"
அவ்வளவுதான் கேட்டாள்.
இரண்டு பேருக்கும் அரை ஷிப்ட் போச்சு.
கவுண்டரில் இருந்தவர் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வீட்டுக்காரர் வரலீங்களா?"
"கையெழுத்துப் போடறது இவதானுங்க" என்றாள் மயிலாத்தாள்.

அந்தச் சனிக்கிழமை
சோத்துப் போசிக்குப் பக்கத்தில்
என் போன் ஒருதரம் அதிர்ந்தது.
நாலாயிரத்து எண்ணூறு.
மெஷினை நிறுத்தாமல் மூன்று முறை படித்தேன்.
மெசேஜ் வராததற்கும் அடி உண்டு
என்று எனக்குத் தெரியும்.

குலுக்கல் சீட்டு அந்த மாதம் எஸ்தருக்கு விழுந்திருந்தது.
"நான் பொங்கலுக்கு எடுத்துக்கறேன் போ" என்று
ரப்பர் பேண்ட் போட்ட கட்டை
என் மடியில் போட்டுவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.
பொழுதோட பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு
லைன் வீட்டுச் சாவியை வாங்கினேன்.

பணம் அவன் கையைத் தடுக்கவில்லை.
கை வந்து விழுந்த இடத்தில்
நாங்கள் இல்லை.

இப்போது எங்கள் சீட்டில் பன்னிரண்டு பேர்,
பதின்மூன்று பங்கு.
பதின்மூன்றாவதுக்குப் பேர் கிடையாது.
அதை எடுக்கிறவள்
எங்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை,
காயம் காட்ட வேண்டியதில்லை.
எஸ்தர் வீட்டுக்காரர்கூட
இப்போதெல்லாம் சத்தம் போடுவதோடு சரி;
அவருக்கும் எண்ணத் தெரியும்.

போன வாரம் கைமடிக்கு வந்த புதுப்பெண்
கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள்.
"பேங்க்ல யாரோட நம்பர் குடுத்திருக்கற கண்ணு?"
அவள் பதில் சொல்லவில்லை.
டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.
நான் அவசரப்படுத்தவில்லை.
பதின்மூன்றாவதில்
இன்னும் ஆறாயிரம் குறைகிறது.